சிவப்பு மூக்குகளும் ஏகாம்பரத்தின் தொண்டையும்

வாம்மா. ஊஹும், சத்தம் ஜாஸ்தி. மீன்களெல்லாம் ஒரே பாய்ச்சலில் தொட்டியின் வலது மூலைக்குப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஏகாம்பரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தார். கலையட்டும். கலைய எப்படியும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும், இதெல்லாம் அவருக்கு இந்த மூன்று மாதத்தில் அத்துப்படி. முதலில் ஒன்று வெளியே வரும், எப்போதும் அந்த வால் நுனி கிழிந்ததுதான், அது ஒரு துணிச்சல்காரி, கூட்டத்தை விட்டு ஒரு விரற்கடை தள்ளி வந்து அவரை ஒரு பார்வை பார்க்கும், இந்த ஆள் இன்னும் இங்கேதான் இருக்கிறானா என்று. அவர் மூச்சைக் கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். பிறகு இன்னொன்று வரும், அதன் பின்னால் இரண்டு, அப்புறம் சிக்னல் விழுந்த மாதிரி எல்லாமே கலைந்து தொட்டி முழுக்கப் பரவிவிடும், ஒன்று செடியைக் கொத்தும், ஒன்று கூழாங்கல்லை முகர்ந்து பார்க்கும், ஒன்று சும்மா நடுத் தண்ணீரில் நின்று யோசிக்கும். இதோ வந்துவிட்டாள் கிழிவால். வாம்மா. இந்தத் தடவை உதட்டுக்குள்ளேயே சொன்னார். ஒன்றும் ஆகவில்லை, சரி, ஆனால் இது மீனுக்கே கேட்டிருக்காது, ரயிலில் வந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஏழு மாதக்காரி மகளுக்கு எப்படிக் கேட்கும்? அப்பா வாயே திறக்கலை, நான் வந்ததே பிடிக்கலை போலிருக்கு என்று நினைத்துக்கொள்வாள். அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கையில் கிடைத்தது அந்த அளவு, தூங்கி எழுந்தால் தொண்டையில் அதைக் காணோம்.

பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கத்திய தொண்டை அது. லேசுப்பட்ட கத்தலா? அயனாவரத்தில் ஏறினால் கடற்கரை வரை, திரும்பக் கடற்கரையிலிருந்து அயனாவரம் வரை, உள்ள போ உள்ள போ, படியில நிக்காத, சில்லறை எடுத்து வெச்சுக்கோ, ஏம்மா அந்தக் கூடையை ஓரமா வெய்யி, நடுவுல எடம் கெடக்குது பாரு, உள்ள போ. டிரைவர் மாசிலாமணி சொல்வார், யோவ் ஏகாம்பரம், உனக்கு விசில் ஒரு கேடா, நீ ரைட்டுன்னு சொன்னா பின்னாடி நிக்கற பஸ்ஸும் சேர்ந்து கெளம்பிடுதுய்யா. அதைக் கேட்டு இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். பின்னே, மழை நாளில், ஆபீஸ் விடுகிற நேரத்தில், அத்தனை ஜனத்தையும் ஒரு பஸ்ஸுக்குள் அடக்க வேறு என்ன இருக்கிறது ஒரு கண்டக்டரிடம்? குரல்தான். ஆனால் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டலாம், தோல்பையை டிப்போவில் கொடுத்துவிட்டு வரலாம், குரலை எங்கே கழற்றி மாட்டுவது? அது கூடவே வீட்டுக்கு வந்தது. கொஞ்சம் உப்பு என்று இவர் கேட்டால் எதிர் வீட்டில் உப்பு டப்பாவைத் திறப்பார்கள். கல்யாணமான புதிதில் அவர் மனைவி வனரோஜா ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள். அப்புறம் திடுக்கிடுவதை வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். பழகிவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். அதுதான் பெரிய வேடிக்கை, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது, அது வேண்டாம், இன்றைக்கு அது வேண்டாம், இன்றைக்கு நல்ல நாள்.

நல்ல நாள் பார்த்துத்தான் வருகிறார்கள். சேலத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு மகள் சுகந்தியைக் கூட்டி வந்திருக்க வேண்டியது, மறுநாள் நாள் சரியில்லை என்று சம்பந்தியம்மா சொன்னதால் வனரோஜா அங்கேயே தங்கிவிட்டாள், இவர் மட்டும் மீனுக்கு யார் சோறு போடுவது என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். ஸ்டேஷனுக்கு வரட்டுமா என்று காலையில் போனில் கேட்டதற்கு வனரோஜா, ஐயோ வேணாங்க, நீங்க வந்தா போர்ட்டர்ல ஆரம்பிச்சு ஆட்டோக்காரன் வரைக்கும் எல்லார்கிட்டயும் சண்டை, நாங்களே வந்துடறோம் என்றாள். அதுவும் நியாயம்தான். ரயில் இந்நேரம் அரக்கோணம் தாண்டியிருக்கும், பெரம்பூரில் இறங்கினால் ஆட்டோவில் எவ்வளவு நேரம், இதோ இதோ என்று வந்துவிடுவார்கள். வந்து? இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். அங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறது எல்லாம். போன மாதம் வனரோஜா கையெல்லாம் மாவாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சுகந்தியோடு பேசிக்கொண்டிருந்தாள், இவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சம்பிரதாயத்துக்கு ரெண்டு நாள் வந்து இருந்துட்டு வந்துடறேம்மா, பிரசவம் இங்கயே வெச்சுக்கலாம், இவரும் சரின்னுட்டாரு. ஏண்டி, தலைப் பிரசவம் அம்மா வீட்லதானடி, ஊர்ல என்ன சொல்வாங்க? ஊரு கெடக்குதும்மா. அங்க வந்தா எனக்கு நல்லா மூச்சு விட முடியாதும்மா. அவ்வளவுதான் சொன்னாள். இவர் கையில் ஈரத் துண்டோடு நின்று, ஹாலில் காற்றோட்டம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். புது ஃபேன் ஒன்று மாட்டிவிடலாம், ஜன்னலை அடைத்து நிற்கிற பீரோவை நகர்த்திவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பினால், வனரோஜா மாவுக் கையோடு பால்கனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பார்த்த பார்வையில் ஃபேனும் இல்லை, பீரோவும் இல்லை.

ஃபேன் மாட்டியாகிவிட்டது, அது வேறு விஷயம். மேலே அது சுற்றுகிற சத்தம் கூடத் தெரியாத ஃபேன். கடைக்காரனிடம் சத்தமே வரக்கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லி வாங்கினார். மூச்சு விட முடியாதும்மா. அந்த மூன்று வார்த்தையும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கடைசி ஸ்டாப்பிங் வந்தும் இறங்க மாட்டேன் என்கிறது. சரி, அதை விடு, மீனைப் பார். மீனைப் பார்த்தால் மனசு தானாக லேசாகிவிடுகிறது, அதென்னவோ தெரியவில்லை. வெள்ளி உடம்பு, வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, மூக்கு மட்டும் சிவப்பு, ரம்மி நோஸ் என்று பெயர், கொளத்தூர் கடையில் சுகந்தியே நின்று பொறுக்கி வாங்கியது. இவர் ரிட்டயர் ஆன மாதம் மாப்பிள்ளை மாதேஸ்வரனோடு வந்தவள், வீட்டில் சும்மா உட்கார்ந்து டீவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, சமையலறையில் அம்மாவிடம் மெதுவாக, அப்பாவுக்கு மீன் வாங்கிக் குடுத்துடலாம்மா, பாவம் அதுங்களுக்குக் காது கெடையாது என்று சொல்லியிருக்கிறாள். இதை வனரோஜா ரொம்ப நாள் கழித்துத்தான் இவரிடம் சொன்னாள், சிரித்துக்கொண்டே. இவரும் சிரித்தார். பொண்ணு வாய்த்துடுக்கு, யார் பெத்தது என்றார். காது கிடையாதாம்! அம்மா தாயே, நீ இங்கே வந்து உட்கார்ந்து பார், காது என்ன, உடம்பெல்லாம் காதுதான் இதுகளுக்கு.

அது தெரியாமல் இவர் அடித்த கூத்து இருக்கிறதே. பஸ்ஸில் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் நாணயத்தால் கம்பியில் ரெண்டு தட்டு தட்டி உள்ள போ என்பார், ஜனம் நகரும். அதே பழக்கத்தில் ஒரு நாள் ஐந்து ரூபாய்க் காசால் தொட்டிக் கண்ணாடியில் டக் டக்கென்று தட்டி, போ போ, உள்ள போ என்றார். போயிற்றே! அத்தனை மீனும் ஒன்று சேர்ந்து, அணி கலையாமல், தொட்டியின் அந்தக் கோடிக்குப் போய் நின்றது. மறுபடி தட்டினால் மொத்தமாகத் திரும்பி இந்தக் கோடி. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சறிவு ஜீவன், அதுக்குப் புரியுது பாரு, மனுசனுக்குத்தான் புரியாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். கீழ் வீட்டு ரெஜினா டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர், அடடா, எங்க ஸ்கூல் அசெம்ப்ளி கூட இப்படி நிக்காது சார், எப்படிப் பழக்குனீங்க என்று அசந்துபோனார். குரல்தான் டீச்சர் என்றார் இவர், ஒரு அரட்டலுக்கு மடங்காதது எது இருக்குது? பால்காரருக்குக் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் காட்டினார். மூக்கு மட்டும் கடையில் பார்த்ததைவிட வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு மாதிரி, நனைந்து காய்ந்த பஸ் டிக்கெட் நிறம். மலிவாகக் கொடுத்தான், சாயம் போகிற சரக்கு போலிருக்கிறது என்று கடைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு, சாயம் போனாலும் ஒழுக்கம் போகவில்லை என்று திருப்தியாக இருந்தார். ஒழுக்கமாம். தூ.

தொண்டை கட்டிக்கொண்டதுதான் நல்லதாகப் போயிற்று. வெறும் கட்டல் இல்லை, புண், எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது, டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, சைகைதான் என்றார். வனரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கவலை என்று இவர் நினைத்தார், கவலையாவது மண்ணாவது. ஹாலில் கட்டிலைப் போட்டு, தொட்டிக்கு எதிரே, போர்வையை இழுத்துக்கொண்டு, பேசாமல், அசையாமல், மாத்திரை மயக்கத்தில் கிடந்தார். ஒரு மத்தியானம் கண்ணைப் பாதி திறந்தால் தொட்டியில் மீன்கள் கூட்டமாக இல்லை. முதலில் பகீரென்றது, ஏதோ நோய் வந்து அணி உடைந்துவிட்டதோ என்று. இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ரெண்டு ஒன்றை ஒன்று துரத்தி விளையாடுகின்றன, ஒன்று இலைக்கு அடியில் ஒருக்களித்து நிற்கிறது, வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்று வாங்குகிறவனைப் போல. எல்லாவற்றுக்கும் மூக்கு அப்படிச் சிவந்திருக்கிறது, இப்போதுதான் குங்குமம் இட்டுக்கொண்டு வந்த மாதிரி. இத்தனை அழகு இந்தத் தொட்டிக்குள் இத்தனை நாள் இருந்ததா? எழுந்து கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று காலைத் தரையில் ஊன்றினார். சடாரென்று அத்தனையும் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. ஒரே திசையில் மூக்கு. அணிவகுப்பு. படுத்தார். நேரம் போனது, கலைந்தன. எழுந்தார், ஒட்டிக்கொண்டன. படுத்தார். மூன்றாம் தடவை அவருக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. ஆக, இது அணிவகுப்பு இல்லை. பயம். நான் நல்லா பழக்கி வெச்சிருக்கேன் டீச்சர் என்று ஊரைக் கூட்டிக் காட்டியதெல்லாம் பயம். ஏகாம்பரம் போர்வைக்குள் கிடந்து, பேச முடியாத தொண்டையால், ஐயோ என்றார், அது காற்றாகத்தான் வந்தது, அந்த ஐயோவுக்கு ஒரு மீன் கூட ஓடவில்லை.

அதிலிருந்து பிடித்துக்கொண்டதுதான் இந்தப் பைத்தியம். தொண்டை சரியானதும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தொட்டியைப் பார்த்து மெதுவாகப் பேசிப் பார்ப்பது, எந்தச் சத்தத்துக்கு ஓடுகின்றன, எந்தச் சத்தத்துக்கு நிற்கின்றன என்று. முதலில் மீனுக்காகத்தான் செய்தார், அந்தச் சிவப்பு மூக்கை மறுபடி பார்க்க வேண்டுமே என்ற ஆசைக்காக. பிறகு அந்தப் போன், அந்த மூச்சு, அந்த மாவுக் கை. அப்போதுதான் மாடிப்படி ஞாபகம் வந்தது. டூட்டி முடிந்து வருவார், கீழ்ப்படியில் கால் வைக்கும்போது மேலே வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும், அம்மாவும் பெண்ணும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள், செருப்புச் சத்தம் நாலாவது ஐந்தாவது படிக்கு வரும்போது டீவி குறையும், கதவைத் திறந்தால் இரண்டு பேரும் அடுப்பங்கரையில், ஒருத்தி பக்கத்தில் ஒருத்தி, முகம் ஒரே பக்கம். எதுக்குச் சிரிச்சீங்க என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மட்டும்? எதுக்குச் சிரிச்சீங்க என்பதை அந்தத் தொண்டையால் கேட்டால் போலீஸ் விசாரணைதான். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, ஒரு நாள் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நான் உள்ள நுழைஞ்சா வீடு கப்சிப்னு ஆயிடும் மாசிலாமணி என்று பெருமையாகச் சொன்னபோது அந்த மனுஷன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வீட்டில் நாலு பெண்கள், இவர் போனால் அப்பா தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். பாவம், வீட்டில் மரியாதை இல்லாத மனுஷன் என்று இவர் இரக்கப்பட்டார். இரக்கப்பட வேண்டிய ஆள் யார் என்று இப்போதல்லவா தெரிகிறது! தெரிந்ததே, அதுவரை லாபம். இன்னும் பல் கொட்டவில்லை, காது மந்தமாகவில்லை, பேரனோ பேத்தியோ இன்னும் பிறக்கவில்லை. பிறக்கிற குழந்தைக்கு இவர் குரல் எப்படி என்று ஒன்றும் தெரியாது, அதனிடம் பழைய பாக்கி எதுவும் கிடையாது.

வாம்மா. வாம்மா. இருமல் வருகிறது, சனியன், தண்ணீர் குடிக்கலாம் என்றால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் ஓடும். இரு. தண்ணீர் என்றதும் தொட்டித் தண்ணீர் ஞாபகம் வந்தது, நேற்று கால் பங்கு மாற்றியாகிவிட்டது, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, குளோரின், டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றினார். தெருக்கோடி நாட்டுப் பாதாம் மரத்தடியில் காய்ந்து விழுந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, ரெண்டு போட்டிருக்கிறார், அந்த இலைச் சாறு இறங்கித் தண்ணீர் இளம் தேயிலை நிறத்துக்கு வந்தால் இவைகளுக்குக் கொண்டாட்டம். குனிந்து இலை பொறுக்குகிறவரைப் பார்த்து ரெஜினா டீச்சர் ஏன் சார் பாதாம் கொட்டையா என்று கேட்டார். இலை டீச்சர் என்று இவர் மெதுவாகச் சொன்னதில் டீச்சர் பதறிப்போய் உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்றார். ஊரே அப்படித்தான் கேட்கிறது. வனரோஜா கூடப் போனில், இன்னாங்க, தொண்டை மறுபடி கட்டிக்கிச்சா, மஞ்சப்பொடி போட்டுப் பாலைக் குடிங்க என்கிறாள். மஞ்சள் பாலும் குடித்தார், பாவம் அக்கறையாகச் சொன்னாளே என்று. இதோ, எல்லாம் கலைந்துவிட்டன, பாருங்கள், பரவிவிட்டன, எத்தனை என்று எண்ண முடிகிறதா, பஸ்ஸில் ஒரு பார்வையில் தலை எண்ணுகிறவரால் இந்தப் பொடிசுகளை எண்ண முடியவில்லை, ஏழு எட்டு என்று வரும்போதே ஏழாவது எட்டாவதாகிவிடுகிறது. எண்ணாவிட்டால் என்ன! யார் செக்கிங் வரப்போகிறார்கள்? சிவப்பு மூக்கு அங்கே ஒன்று, இங்கே ஒன்று, கண்ணாடிக்கு வெகு கிட்டே ஒன்று, அவருடைய மூக்குக்கு நேர் எதிரே வந்து நின்று வாயை வாயைத் திறக்கிறது. என்னடி? ஓடவில்லை. என்னடி வேணும் உனக்கு? ஓடவில்லை! இதுதான், இதேதான், நேற்றுச் சாயங்காலத்து அளவு, இதை அப்படியே பிடித்து வைத்துக்கொள். வாம்மா. ஏகாம்பரத்துக்கு எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது, போட்டால் எல்லாம் கெட்டுவிடும், எனவே கால் கட்டை விரலை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

வாசலில் ஆட்டோ நின்றது. பேசுகிற சத்தம், பை இறக்குகிற சத்தம், பிறகு படியில் கால். கீழே இறங்கிப் போய்ப் பையை வாங்க வேண்டாமா? வாங்க வேண்டும், ஆனால் எழுந்து தடதடவென்று ஓடினால் அதுவே ஒரு சத்தம். கதவருகே நிற்கலாமா? நின்றால் டிக்கெட் கேட்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தே இருந்தால் மதிக்காத மாதிரி இருக்கும். இப்படி இருக்கட்டுமா அப்படி இருக்கட்டுமா என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. சுகந்தி. கை நிறையக் கண்ணாடி வளையல், முன்னால் தள்ளிய வயிறு, ஒரு கை இடுப்பில், நெற்றி முழுக்க வேர்வை. குழந்தையாக இருந்தபோது அம்மை வந்து எழுந்த அன்றைக்கு இப்படித்தான் நின்றாள், தொட்டால் கரைந்துவிடுகிற மாதிரி. ஏகாம்பரம் வாயைத் திறந்தார். அளவு தயாராக இருந்தது, வார்த்தை தயாராக இருந்தது. காற்றுகூட வரவில்லை. அத்தனை நாள் ஒத்திகையும் போச்சு.

"என்னப்பா? ஒடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பின்னால் பைகளோடு வந்த வனரோஜா, "போன்ல கூட இப்படித்தாண்டி, கொசு பேசற மாதிரி பேசறாரு, என்ன ஏதுன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்றாரு," என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். சுகந்தி அம்மாவின் பின்னாலேயே போகப் போனவள் தொட்டியைப் பார்த்து நின்றாள். "ஐய, எவ்ளோ சிவப்பா இருக்கு! நாம வாங்குனதாப்பா இதெல்லாம்?" என்றாள். இவர் பதில் தேடுவதற்குள் அவள் அவருடைய முழங்காலைப் பிடித்து, மொத்தப் பாரத்தையும் அதில் ஊன்றி, அம்மாடி என்று மெதுவாகத் தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். அவள் கடைசியாக அவர் முழங்காலைப் பிடித்தது எப்போது? நடை பழகியபோது இருக்கும். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும். காலை நீட்டினாள், பிறகு கையை மடித்துத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தே விட்டாள், மாடி ஏறி வந்த களைப்பு, புது ஃபேன் காற்று. மீன்கள்? இத்தனை நடமாட்டத்துக்கு மூலைக்குப் போயிருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

"எத்தனைப்பா இருக்கு?"

"எண்ண முடியலம்மா. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

வந்துவிட்டது குரல். சரியான அளவில், ஒத்திகை பார்க்காத வார்த்தையில். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கூட்டமாத்தான் போவும்னு கடைல சொன்னாங்களே? இது என்ன, ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் சுத்துது?"

"பயந்தா கூட்டமா ஒட்டிக்கும். பயமில்லைன்னா இப்படித்தான், அதது இஷ்டத்துக்கு."

சுகந்தி மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைக்கிறாள் என்று இவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருப்பதும் சுகமாகத்தான் இருந்தது, இப்படியே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம், கால் மரத்துப்போனாலும் பரவாயில்லை, இரண்டு நாள் என்றால் இரண்டு நாள், அதில் இது ஒரு மத்தியானம், கிடைத்தவரை லாபம். நாளை மறுநாள் ரயில் ஏற்றிவிடும்போது ஸ்டேஷனில் யாரோடும் சண்டை போடக்கூடாது. பிறகு குழந்தையைப் போட்டோவில் பார்க்கலாம், வீடியோவில் பார்க்கலாம், இந்தக் காலத்தில் அதற்கா பஞ்சம்? மனசு அதற்கு ஒப்புக்கொள்ளாமல் ஒரு பக்கம் சிணுங்கியது. வனரோஜா சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"அம்மா, இங்கருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்ளோ நேரம் ஆவும்?" என்று படுத்தபடியே கேட்டாள் சுகந்தி.

வனரோஜா பதறினாள். "ஏண்டி, வலிக்குதா?"

"இப்ப இல்லம்மா. பிரசவத்துக்கு. வலி எடுத்தப்புறம் வழி தேடிக்கினு நிக்கறதா? அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு."

"அஞ்சே நிமிஷம்!" என்றார் ஏகாம்பரம். "தெருமுனைல ஆட்டோ, விட்டா நேரா ஆஸ்பத்திரி வாசல்! ராத்திரியாவட்டும், பகலாவட்டும், மழையாவட்டும், நான் இருக்கேன் இல்ல, நான் கூட்டினு போறேன்!"

அது அவருடைய பழைய குரல். முழுசாக, கடற்கரையிலிருந்து அயனாவரம் வரை கேட்கிற குரல். சொம்புத் தண்ணீர் தளும்பி வனரோஜாவின் புடவையில் கொட்டியது. கீழ் வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. தொட்டியில் அத்தனை மீனும் ஒரே கணத்தில் மூலைக்குப் பாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கை ஒரே பக்கம் வைத்து நின்றன. ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு, தானே போட்டுக் கெடுத்தாயிற்று. மீனைப் பார்க்கவில்லை அவர், பெண்ணைத்தான் பார்த்தார், பார்க்கவே பயந்து பார்த்தார்.

சுகந்தி நீட்டிய காலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். "கத்தாதீங்கப்பா, பாவம், மீன் பயப்படுது," என்று சொல்லிவிட்டு, அவர் கால் பக்கமாகத் திரும்பிப் படுத்து, அப்படியே தூங்கிப்போனாள்.